ரேவால் குதிரைக்குச் சேணம் வாங்கப் போறீங்களா?

அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக நம் பழைய காயலில்தான் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை ஒரு வருஷத்துக்குள் செத்துப்போவதாக 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். இன்று அந்தியூர் ஆடிச் சந்தையில் மார்வாரியோ கத்தியவாரியோ பிடித்து வந்து, நெடுந்தூரச் சவாரிக்குப் பழக்கும் நண்பர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. இந்தக் குதிரைகளுக்கு இயல்பாக வரும் ரேவால் நடையில் துள்ளல் கிடையாது. எழுந்து எழுந்து உட்கார வேண்டிய வேலை இல்லாததால், மணிக்கணக்காக நம் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுந்தும். நமக்குச் சொகுசா என்று பார்க்கும் முன் அதன் முதுகுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

2. கான்பூரிலிருந்து சேணத்தை வரவழைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் செலவு நம் தலையில்தான். வரவழைக்கும் முன், வளையக்கூடிய தடித்த அலுமினியக் கம்பியை, தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே வைத்து அழுத்துங்கள். வளைவு கலையாமல் எடுத்துக் காலண்டர் அட்டையில் வரைந்து வெட்டி, தேதி போட்டு, ஒரு நகலை வைத்துக்கொண்டு, அந்த அட்டையையே சேணம் செய்பவருக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

3. ஒருவர் முன்னங்காலைத் தூக்கி முன்னால் நீட்டிப் பிடிக்கட்டும். தோள் எலும்பு எதுவரை பின்னால் வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். சேணத்தின் முன்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டினால் நடை குறுகிவிடும்.

4. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் பிடரி முடிகிற மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பு நெடுக வெளிச்சம் தெரிய வேண்டும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் சேணம் போகவே கூடாது.

5. வெளுத்த பழைய வேட்டியை மடித்துச் சேணத்துக்கு அடியில் விரித்து ஐந்து கிலோமீட்டர் போய் வாருங்கள். வியர்வைக் கறை இரண்டு பக்கமும் சீராக இருந்தால் சரி. கறைக்கு நடுவில் காய்ந்த திட்டு இருந்தால், முதுகில் அந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். குதிரை நெளிந்தால் அங்கே உறுத்துகிறது, சும்மா நின்றால் அங்கே சேணம் படவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே ஆகாது.

6. இறுக்கமான சேணத்துக்கு அடியில் இன்னொரு மெத்தை போடாதீர்கள். இறுக்கம் கூடத்தான் செய்யும், காசும் தண்டம்.

7. குதிரைமொழி தேரி போன்ற மணல் மேட்டில் ஏறும்போது சேணம் பின்னால் நழுவும். வயிற்றுவாரைப் போட்டு இறுக்காமல் மார்புப்பட்டை மாட்டுங்கள். இறங்கியதும் மெத்தையை உதறினால் மணல் அராவாது.

8. உப்புக்காற்றுக்குத் தோல் வெடிக்கும், கொக்கி துருப்பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெய் துளி தடவுங்கள். கடற்கரையை ஒட்டியே ஓட்டுகிறவர்களுக்குச் செயற்கை இழைச் சேணமே மேல்: எடையும் குறைவு, கழுவவும் லேசு.

9. பழகப் பழகக் குதிரையின் முதுகுச் சதை மாறும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பியை வைத்துப் புது வளைவு எடுத்துப் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். சேணம் படும் இடத்தில் புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால், அன்றைக்கே அந்தச் சேணத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.