மீன்தொட்டியில் நடந்தது என்ன?

எங்கள் ஆய்வுக்கூட வராந்தாவில் இருக்கும் கண்ணாடி மீன்தொட்டியை அறியாத மாணவி இப்பள்ளியில் இல்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள அத்தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் நான்கு தங்கமீன்களும் ஆறு மாலி மீன்களும் இரண்டு கௌராமிகளும் இரண்டு ஆண்டுகளாக நலமாய் வாழ்ந்து வந்தன. இவ்வாண்டு பெற்றோர் தினம் முடிந்த நான்காம் நாள், திங்கட்கிழமை காலை மணி அடிக்குமுன் வந்து பார்த்தபோது அவற்றுள் ஐந்து செத்து மிதந்தன. மூன்று தங்கமீன்கள், இரண்டு மாலிகள். மற்றவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அன்று பகல் இடைவேளைக்குள் குற்றவாளியும் அகப்பட்டாள்! வெள்ளிக்கிழமை இரை போடும் முறை ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்கு உரியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மீன்கள் பட்டினி கிடக்குமே என்று அவள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு இரையைத் தூவிவிட்டுப் போயிருந்தாள். தொட்டியின் அடியில் உண்ணப்படாத இரை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. "அக்கா, நான்தான் கொன்னுட்டேன்" என்று அவள் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. புனித அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்ததாகச் சொல்லப்படும் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருந்த அவள், மீதி மீன்களையாவது காப்பாற்றும்படி அவரிடம் வேண்டிக்கொண்டாளாம்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர் அவர்கள் அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, விஞ்ஞானக் கழகத்தினராகிய எங்களிடம், "முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு யார் என்று பேசலாம்" என்றார்கள்.

முதல் சந்தேகம் குளோரின்மேல் விழுந்தது. குடிநீர்க் கிருமிகளைக் கொல்ல மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நமக்கு நன்மை செய்யும் இந்த அளவே மீன்களின் செவுளைப் புண்ணாக்கப் போதும். ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றியது புதன்கிழமை. அத்தண்ணீரை ஓர் இரவு திறந்த அண்டாவில் வைத்திருந்து, ஹைப்போ உப்பும் சிறிது போட்ட பின்னரே ஊற்றினோம். மேலும் குளோரினால் சாகும் மீன் சில மணி நேரத்திலேயே செத்துவிடும். சனிக்கிழமை வரை காத்திருக்காது. ஆகவே குளோரின் விடுதலை பெற்றது.

அடுத்தது பிராணவாயு. சனிக்கிழமை இரவு மின்சாரம் நின்று காற்று மோட்டார் ஓடவில்லை என்றும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து தவித்தன என்றும் காவல்காரத் தாத்தா சொன்னார். 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். பங்குனி, சித்திரையில் நம் கண்மாய்கள் வற்றிக் குட்டையாகும்போது மீன்கள் விடியற்காலையில்தான் அதிகம் திணறும். நீர்ச்செடிகளும் பாசியும் இரவெல்லாம் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளுமே தவிர வெளிவிடா. இந்தத் தவிப்பில் பெரிய மீன்கள்தாம் பெரும்பாலும் முந்திச் சாகும். எங்கள் தொட்டியிலும் பெரியவையான தங்கமீன்கள் முதலில் போயின. கௌராமிகளோ இரண்டும் பிழைத்திருந்தன. அவற்றின் தலைக்குள் காற்றையே நேராகச் சுவாசிக்க ஓர் உறுப்பு உண்டு. நம் பனையேறிக் கெண்டைக்கும் அதுவே உண்டு. எல்லாம் பொருந்தி வருகிறதே என்று மகிழ்ந்து, மோட்டாரை ஓடவிட்டு, குவளையால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்.

செவ்வாய் மாலை ஒரு மாலி செத்தது. புதன் காலை இன்னொன்று. மோட்டார் இராப்பகலாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்களுள் ஒருத்தியின் தந்தையார் மதுரை சென்றபோது வண்ணமீன் கடையிலிருந்து நீர்ச்சோதனைத் திரவங்கள் வாங்கி வந்தார். சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலிட்டர் தொட்டி நீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டோம். அம்மோனியா இல்லாவிடில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாயிற்று. நிற அட்டைப்படி லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

மீன்கள் கழிவாக வெளியேற்றுவதில் பெரும்பகுதி அம்மோனியாதான். அதையும் செவுள் வழியாகவே விடுகின்றன. அழுகும் இரையும் செத்த மீனும் அதையே தரும். நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனை அதிகம் வருத்தாது. மற்றொன்று கொடிய நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக உள்ள நீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல். எட்டரை ஆனால் ஏறத்தாழ இருபது பங்கு. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரமெல்லாம் வெள்ளை பூக்கும். பருப்பு வேக மறுக்கும். எங்கள் தொட்டி நீரின் பி.எச். 8.2. மென்மையான ஆற்று நீரில் மீன்கள் தாங்கியிருக்கக்கூடிய அதே அம்மோனியா இங்கே பன்மடங்கு நஞ்சாகிவிட்டது. அம்மோனியா செவுளை அரிப்பதால் மீன் மூச்சுத் திணறும். பிராணவாயுக் குறைவென்று நாங்கள் ஏமாந்தது இதனால்தான்.

அப்படியானால் அந்தத் தங்கை போட்ட இரைதானே காரணம்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் எங்களுள் ஒருத்தி மெதுவாக ஓர் உண்மையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு நாள் இரையைச் சேர்த்துப் போடும் வழக்கத்தை ஏற்படுத்தியதே எங்கள் வகுப்புதான். அத்தங்கை எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இரண்டு ஆண்டுகள் போட்டபோது ஒரு மீனும் சாகவில்லை. இந்த வாரம் மட்டும் செத்தன. இந்த வாரத்தில் புதிதாக நடந்தது என்ன?

புதிதாக நடந்தது புதன்கிழமைத் துப்புரவு. பெற்றோர் தினத்துக்காக நாங்கள் ஐவர் மீன்களை வாளியில் விட்டு, பழைய நீரைச் சொட்டுக்கூட இல்லாமல் இறைத்தோம். கூழாங்கற்களைக் கொதிநீரில் அலசினோம். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வைத்து, அழுக்கு நீங்கி நிறம் வெளுக்கும்வரை பிழிந்தோம். கண்ணாடியில் படிந்த உப்பைப் புளி போட்டுத் தேய்த்தோம். மறுநாள் தொட்டி பளிங்குபோல் மின்னியது. வந்த பெற்றோர் எல்லாரும் பாராட்டினார்கள்.

அழுக்கென்று நாங்கள் பிழிந்து கொட்டியது அழுக்கு மட்டுமன்று. பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்ந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் சேர்த்தே கொட்டினோம். அவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். வயலில் எருவைப் பயிருக்கு ஏற்ற உணவாக மாற்றுவதும் இவ்வினத்தவையே. 1890ஆம் ஆண்டு வாக்கில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. சாதாரணப் பாக்டீரியாக்கள் அரைமணிக்குள் இருமடங்காகப் பெருகக்கூடியவை. இவற்றுக்கோ பல மணி நேரம், சில வேளை ஒரு நாளும் ஆகும். ஒரு பிற்பகலில் நாங்கள் அழித்ததை மீட்க வாரக்கணக்கில் ஆகும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அன்று மாலையே ஆறாம் வகுப்புக்குச் சென்று, அவள் வகுப்புத் தோழியர் அனைவர் முன்னிலையிலும், மீன்கள் செத்தது எங்களால் என்று சொன்னோம். சொல்வதற்குச் சுலபமாக இல்லை.

இனி மீட்ட விதம். செத்த மீன்களையும் கிடந்த இரையையும் உடனே அகற்றினோம். இரை போடுவதை முற்றிலும் நிறுத்தினோம். மீன் குளிர் இரத்தப் பிராணி; வளர்ந்த மீன் ஒரு வாரம் உண்ணாமல் இருந்தாலும் சாகாது. உண்ணாத மீன் விடும் அம்மோனியாவும் குறைவு. பிறகு தினமும் ஒரு குடம் பழைய நீரை எடுத்து, குளோரின் நீக்கிய புதுநீர் ஒரு குடம் ஊற்றினோம். ஒரு குடம் என்பது தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மொத்த நீரையும் ஒரேயடியாக மாற்றினால், நைந்துபோயிருக்கும் மீன் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடக் கூடும்.

குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் வீடுகளிலிருந்து வருபவர்கள் நாங்கள். மீனுக்குத் தினம் ஒரு குடமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. எடுத்த நீரை வீணாக்காமல் முருங்கைக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுவது என்று சிஸ்டர் முடிவு செய்தார்கள். மீன்கழிவு கலந்த நீர் செடிக்கு உரம். முருங்கை அதன்பின் துளிர்த்த துளிரை விடுதிச் சமையலறையில் கேட்டால் சொல்வார்கள்.

பாக்டீரியாக்களுக்கு எங்கே போவது? மாதா கெபிக்கு முன்னால் உள்ள சிமெண்டு அல்லித் தொட்டியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழுவைத் தின்பதற்காக அதில் கப்பி மீன்கள் விடப்பட்டுள்ளன. அதை யாரும் தேய்த்துக் கழுவியது கிடையாது. பச்சைப் பாசியும் அடியில் வண்டலுமாக இருக்கும். மீன்களோ குஞ்சு ஈன்று பெருகிக்கொண்டிருக்கும். அந்நீரைச் சோதித்தோம். மஞ்சள்! அம்மோனியா அறவே இல்லை. அதிலிருந்து வண்டல் படிந்த கற்களை ஒரு வலைப்பையில் கட்டி, நீர் காயுமுன் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் இட்டோம். ஹைட்ரில்லாச் செடியும் ஒரு கொத்து நட்டோம். செடி அம்மோனியாவைத் தானே உணவாக உறிஞ்சும். செடியோடு இரண்டு நத்தைகள் ஒட்டிவந்ததை மறுநாள்தான் கண்டோம்.

நத்தைகளை எறிந்துவிடலாம் என்றிருந்தபோது ஒரு பழைய வரலாறு படிக்கக் கிடைத்தது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். செடி மீனுக்குப் பிராணவாயு தரும் என்பது அவர் எண்ணம். ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கி, மீன்களின் உயிருக்கே ஆபத்து வந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றுவிட, நீர் தெளிந்தது. இதை 1850இல் லண்டன் இரசாயனச் சங்கத்தில் அவர் கட்டுரையாக வாசித்தார். எங்கள் நத்தைகள் தப்பின.

நான்காம் நாள் அம்மோனியா ஒரு மில்லிகிராமாகக் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் நீர் மஞ்சளாயிற்று. ஆனால் அப்போது நைட்ரைட் ஏறத் தொடங்கியது. முதல் கூட்டத்துப் பாக்டீரியா வந்து சேர்ந்தும், இரண்டாம் கூட்டம் போதிய அளவு பெருகவில்லை என்பதே இதன் பொருள். நைட்ரைட் மீனின் இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பழுப்பாக்கிப் பயனற்றதாக்கிவிடும். செவுள் காப்பி நிறமாகும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நைட்ரேட் மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதும் இவ்வாறே. அமெரிக்காவில் அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் காம்லி 1945இல் இதை எழுதினார். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது நம் நாட்டுத் தர விதி. கொதிக்க வைப்பதால் நைட்ரேட் போகாது.

நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைக் குளோரைடு தடுக்கும். பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினோம். நம் ஊர் உப்புத் தண்ணீரில் குளோரைடு ஏற்கெனவே உண்டு. நாம் எப்போதும் குறை சொல்லும் உப்பு இங்கே ஓரளவு துணை நின்றது! முப்பத்தோராம் நாள் நைட்ரைட்டும் மறைந்தது. ஒரு தங்கமீன், இரண்டு மாலி, இரண்டு கௌராமி ஆகிய ஐந்தும் உயிரோடு இருந்தன. அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை போட்டோம்.

புது மீன் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வளர்க்கப்படும் மீன்கள் பிராணவாயு நிரப்பிய பைகளில் நெடுந்தூரம் வருகின்றன. பயணத்தில் மீன் விடும் அம்மோனியா பைக்குள்ளேயே சேரும். அதே சமயம் கரியமில வாயுவும் சேர்வதால் நீரின் காரம் குறைந்து, அம்மோனியா நஞ்சாகாமல் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், காரம் ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும். ஆதலால் நெடுநேரம் பயணம் செய்து வந்த பையைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மூடிய பையையே கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. ஒரே நாளில் ஏழு மீன்களை விட்டால் புதிதாய்ப் பெருகிய பாக்டீரியாவால் தாங்க முடியாது. நாங்கள் முதலில் இரண்டு மாலிகள் மட்டும் விட்டிருக்கிறோம்.

வடிகட்டிப் பஞ்சை இப்போது மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிவதோடு சரி. தண்ணீர்ச் சோதனைக் குறிப்பேட்டை அந்த ஆறாம் வகுப்புத் தங்கை எழுதி வருகிறாள். சென்ற வாரம் அதில் அவள் எழுதியிருப்பது: "அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. நத்தை ஏழு."