முதியோர் வாசலுக்கு ஒரு வேளைச் சோறு



பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, அது விவரிக்கிறது. படுக்கைகள் 15, நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என ஆட்களும் குறிக்கப்பட்டுள்ளனர். செலவுக்கு நில வருவாயும் ஒதுக்கப்பட்டது.

அளவு, ஆள், வருவாய். இம்மூன்றும் இருந்தால்தான் இரக்கம் நிலைக்கும். வீட்டில் சமைத்து முதியோருக்கு உணவு கொண்டு கொடுக்கும் தொழிலுக்கும் இதுவே பாடம்.

ஏன் தேவை?

ஆயுள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்த தாத்தாவுக்குக் கண்ணும் முழங்காலும் தளர்ந்திருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். பாட்டியோ, “எனக்கென்ன, ஒரு வாய் காப்பி போதும்” என்று அடுப்பை மூட்டாமலே இருந்துவிடுவார். இது சிக்கனமன்று, மெல்ல உடலை உருக்கும் பட்டினி.

1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1983 முதல் முதியோர் உதவித்தொகை பெறுவோரும் சேர்க்கப்பட்டனர். ஆனால் மையம் வரை நடக்க இயலாதவரைச் சோறுதான் நாடிச் செல்லவேண்டும். இங்கிலாந்தில் 1943ஆம் ஆண்டிலேயே, போர்க்காலத் தொண்டில் ஈடுபட்ட பெண்கள் முதியோர் வீடுகளுக்குச் சுடச்சுட உணவு கொண்டு சென்றனர்.

அளவு

முதலில் ஐந்து பேருக்குத் தொடங்குங்கள். ஒவ்வொருவரிடமும் மருத்துவர் எதை விலக்கச் சொன்னார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருப்பது நலம். எனவே ஊறுகாயும் அப்பளமும் அன்றாடம் வேண்டா. பல் இல்லாதவருக்குச் சோற்றைக் குழைய வடியுங்கள். பருப்பும் கீரையும் மசித்துக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டலாம்.

ஆள்

சமைக்க ஒருவர், கொண்டு செல்ல ஒருவர் வேண்டும். உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறினால் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கியதும் அடுக்குப் பாத்திரத்தில் அடைத்து, தாமதமின்றிச் சேர்ப்பிக்கவேண்டும். ‘கூழானாலும் குளித்துக் குடி’ என்பது சமைப்பவருக்கும் பொருந்தும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் சமைத்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கொண்டு செல்பவர் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடக்கூடாது. நேற்றைய சோறு அப்படியே இருக்கிறதா? கதவு திறக்கவில்லையா? உடனே உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ சொல்லவேண்டும். சில வீடுகளில் அன்று முழுதும் வரும் மனித முகம் அவர் முகம் ஒன்றே.

வருவாய்

கணக்குப் பழக ஓர் எடுத்துக்காட்டு. பத்துச் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, காய், எண்ணெய் 400 ரூபாய், எரிவாயு 50, கொண்டு செல்பவருக்கு 100, பாத்திரத் தேய்மானம் 50, சமைப்பவர் கூலி 200. மொத்தம் 800; ஒரு சாப்பாடு 80 ரூபாய்.

“என் உழைப்புக்குக் கூலி எதற்கு?” என்று நம் தாய்மார் அதை விட்டுவிடுவார்கள். அப்போது விலை 60 ரூபாய்தான். ஆனால் ஓரிரு மாதத்தில் உடலும் கையும் ஓய்ந்து தொழில் நின்றுவிடும். நிற்கும் நாளில் பட்டினி கிடப்பவர் நாமல்ல, அந்த முதியவர். முழு விலை கொடுக்க இயலாதவருக்குத் தரத்தைக் குறைக்காதீர்கள்; மீதியை ஏற்கும் கொடையாளரைத் தேடுங்கள். அன்று நில வருவாய் செய்த பணி அதுவே.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பார்கள். நாம் கொண்டு செல்வது விருந்தன்று. மழையிலும் பண்டிகையிலும் தவறாத சோறு. தவறாமல் கொடுக்க முடியும் அளவே தொடங்குங்கள்.

பயிற்சி: உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் ஒருவரிடம் நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுக. அவருக்கேற்ற ஒரு வார உணவுப் பட்டியலும் செலவுக் கணக்கும் தயாரித்து, அன்னையிடம் காட்டுக.