மரங்களுக்கு நடுவே ஒரு பந்தயத் தடம்

மகன் அமெரிக்காவின் வட கரோலினாவில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் அங்கே போகிறேன். நாஸ்கார் கார் பந்தயம் தொடங்கிய காலத்து மண் தடம் ஏதாவது இன்னும் மிச்சமிருக்கிறதா?
– வாசகர், கோவை

இருக்கிறது, காலார நடந்தே சுற்றி வரலாம். ஹில்ஸ்பரோ ஊரில், ஈனோ ஆற்றங்கரையில் உள்ள ஆக்கனீச்சி ஸ்பீட்வேக்குப் போங்கள்.

முதலில் அங்கே குதிரைகள்தான் ஓடின. நாஸ்காரை நிறுவிய பில் ஃப்ரான்ஸ் சீனியர் அந்த இடத்தில் கார் தடம் போட்டார். 1948-இல் பந்தயம் தொடங்கியது. ஒரு சுற்று ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர், முழுக்க மண். 1949-இல், நாஸ்காரின் முதல் சீசனிலேயே இங்கே போட்டி நடந்தது. ஜெயித்தவர் பாப் ஃப்ளாக். அந்த சீசனில் ஓடிய தடங்களில் பல, அடையாளமே இல்லாமல் போய்விட்டன. அதனால்தான் இது அருமையான இடம்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை உள்ளூர்ப் பாதிரியார்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதனால் தடத்தை மூட நேர்ந்தது. 1968-இல் நடந்த கடைசிப் போட்டியில் ரிச்சர்ட் பெட்டி வென்றார். மறு ஆண்டே அலபாமாவில் டாலடேகா என்ற பிரம்மாண்டத் தடத்தை ஃப்ரான்ஸ் திறந்தார்.

இன்று தடத்தைச் சுற்றிப் பைன் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. பார்வையாளர்கள் உட்கார்ந்த கான்கிரீட் படிகளைத் தவறவிடாதீர்கள். மழை பெய்திருந்தால் பழைய செருப்போடு போங்கள்.