மாவட்டம் பிரியலாம், முகவரி மாறக்கூடாது

இணையதளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தின் தோற்றத்தில் தொடங்குகிறார்கள். ரூட்டிங்கில்தான், அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பதில்தான், தொடங்க வேண்டும் என்பேன். காரணத்தை விழுப்புரத்திலேயே காணலாம். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது இந்த மாவட்டம். 2019 நவம்பர் 26 அன்று இதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வட்டவாரியாக அறிவிப்புகள் தரும் தளம் ஒன்றை 2018இல் ஒருவர் பைத்தான் பிரேம்வொர்க்கான ஜாங்கோவில் எழுதியிருந்தால், '/விழுப்புரம்/கள்ளக்குறிச்சி/' என்ற முகவரி மறு ஆண்டே தவறாகியிருக்கும். '/வட்டம்/கள்ளக்குறிச்சி/' என்று வைத்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. ஆகவே முதல் வேலை தாளில்தான்: என்னென்ன வகைப் பக்கங்கள் வரும், ஒவ்வொன்றிலும் மாறாத அடையாளம் எது என்று எழுதுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் என்ற அடுக்கு முகவரியில் தெரிந்தால் வாசகருக்கு எளிதாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த அடுக்கைப் பக்கத்தின் மேற்பகுதியில் காட்டுங்கள். டேட்டாபேஸில் ஒரு வரியைத் திருத்தினால் அது மாறிவிடும். முகவரியோ வாட்ஸ்அப் குழுக்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் கூகுளிலும் பரவிவிட்டது; அதை யாரும் திரும்பப் பெற முடியாது.

அடுத்து ரூட்டுகள். கோரிக்கை வந்ததும் பிரேம்வொர்க் அதன் பாதையை எடுத்து, நீங்கள் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துகிற வியூவை, அதாவது பக்கத்தைத் தயாரிக்கும் பகுதியை, அழைக்கிறது. ஜாங்கோ மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். எனவே '/வட்டம்/பட்டியல்/' போன்ற நிலையான பாதையை மேலேயும், வட்டத்தின் பெயரை மாறியாக ஏற்கும் பாதையைக் கீழேயும் எழுதுங்கள். தலைகீழாகப் போனால் 'பட்டியல்' என்ற பெயரில் ஒரு வட்டத்தைத் தேடிவிட்டு 404 தரும். இன்னொரு பைத்தான் பிரேம்வொர்க்கான பிளாஸ்க்கில் நிலையான பாதைக்குத் தானாகவே முன்னுரிமை உண்டு. ஆனாலும் நிரலைப் படிக்கப்போகும் அடுத்தவருக்காக இதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது.

பாதையில் தமிழ் வைக்கலாமா? தாராளமாக. ஜாங்கோவின் ஸ்லக் கன்வெர்ட்டர் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். அதற்குப் பதிலாக ஸ்ட்ரிங் கன்வெர்ட்டரைப் போடுங்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. 'திண்டிவனம்' யூனிகோடில் 10 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 30 பைட்டுகள். முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளோடு 90 எழுத்தாக நீண்டுவிடுவதுண்டு. நோட்டீஸில் அச்சிட அது உதவாது. இதைச் சொல்லித் தமிழையே கைவிடச் சொல்பவர்கள் உண்டு, அது தேவையில்லை. எண் மட்டும் கொண்ட குறும்பாதை ஒன்றைச் சேர்த்து, அதை 301 மூலம் தமிழ்ப் பாதைக்குத் திருப்பிவிட்டால் போதும்.

படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ரூட்டுப் பட்டியலுக்குள் வரவே கூடாது. அவற்றுக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை. கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும், பைத்தான் அதற்கு மெதுவான வழி. விழுப்புரம் மாவட்ட அரசுத் தளத்தையே பாருங்கள்: பக்கங்கள் அதன் நிக் முகவரியில் இருக்க, படங்களும் பிடிஎஃப்களும் எஸ்3வாஸ் அமைப்பின் தனி சிடிஎன் முகவரியிலிருந்து வருகின்றன. உங்கள் தளத்தில் 'கலெக்ட்ஸ்டேட்டிக்' கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் திரட்டி, '/ஸ்டேட்டிக்/' என்று தொடங்கும் பாதைகளை என்ஜின்எக்ஸ் சர்வர் நேரே அந்த ஃபோல்டருக்கு அனுப்பும்படி அமையுங்கள். ஜாங்கோவின் ரன்சர்வர் இந்த வேலையை டீபக் நிலையில் மட்டுமே செய்கிறது. டீபக்கை அணைத்ததும் பக்கம் அலங்காரமிழந்து நிற்பது இதனால்தான். சின்னத் தளத்துக்கு என்ஜின்எக்ஸ் எதற்கு என்பவர்கள் பைத்தானிலிருந்தே இந்தக் கோப்புகளைத் தரும் ஒயிட்நாய்ஸைப் பயன்படுத்தலாம், தவறில்லை. கோப்பின் பெயரோடு அதன் உள்ளடக்கத்தின் ஹாஷையும் சேர்த்துவிட்டால், பிரவுசர் அதை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லலாம். கோப்பு மாறினால் பெயரும் மாறிவிடும். அறிவிப்பு பிடிஎஃப்களுக்கு இது போதாது; பெயர் மாறினால் ஏற்கெனவே பரவிய முகவரி உடைந்துவிடும். கோப்பின் முகவரியைப் பரப்பாமல், அறிவிப்புக்கு ஒரு பக்கம் வைத்து அதன் முகவரியைக் கொடுங்கள். பிடிஎஃப் திருத்தப்பட்டாலும் பக்கம் அங்கேயே இருக்கும்.

வெளியிடும் முன், இதுவரை பொதுவில் போன முகவரிகள் அனைத்தையும் டெஸ்ட் கிளையன்ட்டில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 200 அல்லது 301 தர வேண்டும். இல்லாத வட்டத்தைக் கேட்டால் 404 மட்டுமே வர வேண்டும். முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், தேடி வந்தது இங்கே இல்லை என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.