வேலைக்குப் போகும் பேத்திக்கு

1. கண் விழித்ததும் கைப்பேசியை எடுக்காதே, கண்ணு. திருநீறு பூசிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் உட்கார். என் அம்மாவுக்குப் பூசையில் உட்கார நேரம் கிடைத்ததே இல்லை. ஆனால் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும்வரை யாரோடும் பேசமாட்டாள். அதுதான் அவள் வழிபாடு.

2. எந்த வேலையையும் அற்பம் என்று நினைக்காதே. திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரப்படை. பதிகம் பாடிய அதே பெரியவர் கோயில் முற்றத்துப் புல்லையும் செதுக்கினார். திருவண்ணாமலையில் ரமணர் விடியுமுன் ஆசிரமத்து அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதைக் காப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டார்கள். சோறு வேகிறது, பசித்தவர்கள் உண்கிறார்கள். நித்தியம் என்று பெரியவர்கள் சொன்னதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். நாளைக்கு அலுவலகத்தில் உனக்குக் கிடைப்பது வெறும் கணக்குச் சரிபார்ப்பாக இருந்தாலும், ஆண்டவன் பார்க்கக் கொடுக்கிறோம் என்று செய்.

3. யாராவது மனத்தைப் புண்படுத்தினால் அன்றைக்கே பதில் சொல்லாதே. எங்கள் தெருவில் ஒரு வரப்புக்காக அண்ணன் தம்பி ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. அண்ணனின் நெற்றியில் காசு வைத்த பிறகுதான் தம்பி வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வரப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. சாவு வீட்டில் வரும் தெளிவு சண்டை நடக்கும்போதே வந்துவிட்டால் பாதிப் பாவம் குறையும்.

4. வசதி வரட்டும், பிறகு கடவுளை நினைக்கலாம் என்று தள்ளிப்போடாதே. திருநின்றவூர்ப் பூசலாரிடம் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு குறித்த அதே நாளில் இறைவன் பூசலாரின் கோயிலுக்குப் போனான் என்கிறது பெரியபுராணம். நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அந்தக் கோயிலுக்கு நீ ஒரு கல் வைக்கலாம்.

5. பக்தியை வைத்துப் பிறரை எடை போடாதே. நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு வீட்டு வேலை செய்பவரை ஏசுகிறவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உன்னிடம் கூலி வாங்குகிறவரிடம் நீ பேசும் பேச்சுதான் உன் பக்திக்குச் சாட்சி.

6. முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு நாள் வடலூர் போய் வா. அரிசிக்குக் கொடுப்பதோடு திரும்பிவிடாதே. பந்தியில் பரிமாறக் கைகொடு.