பாய்லருக்குள் முதலில் பச்சைத் தண்ணி

ஈ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் செய்த நீராவி என்ஜின். ஓய்வுக்குப் பிறகு ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்றதை, 2010-ல் நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் மறுபடி ஓட வைத்தார்கள். எழும்பூர் – கோடம்பாக்கம் பாதையில்கூட பாரம்பரிய ரயிலாக ஓடியிருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் இருந்து ஆட்டோ தூரம்தான்.

இங்கே இந்த வேலையைச் செய்வது ரயில்வே ஊழியர்கள். பிரிட்டனில் நிறைய இடங்களில் தன்னார்வலர்கள். வேல்ஸில் இருக்கும் டாலித்லின் ரயில்வேயை 1951-லிருந்து நடத்துவதே அவர்கள்தான். துரு சுரண்டலாம், பெயிண்ட் அடிக்கலாம், பேரிங்குக்கு எண்ணெய் விடலாம். பொறுமை இருந்தால் போதும். ஆனா பாய்லர்னு வந்துட்டா ஆர்வம் மட்டும் போதாது. பரிசோதகர் கையெழுத்துப் போடணும்.

அந்தச் சோதனையில் பாய்லரை முழுக்கப் பச்சைத் தண்ணியால் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். 10 பார் பாய்லர் என்றால் 15 பார். காற்றை அடைத்துப் பார்த்தால் வேலை சீக்கிரம் முடியுமே, ஏன் தண்ணி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணியின் பல்க் மாடுலஸ் சுமார் 2.2 கிகா பாஸ்கல். 15 பாரில் 1000 லிட்டர் தண்ணி சுருங்குவது முக்கால் லிட்டர்கூட இல்லை. தகடு விரிசல் விட்டால் கொஞ்சம் தண்ணி பீச்சும், அழுத்தம் உடனே இறங்கிடும். காற்று அப்படியில்லை. பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி உட்கார்ந்திருக்கும். ஓட்டை கிடைத்தால் மொத்தமாகச் சீறும்.

வண்டி ஓடும்போது கதையே வேற. 10 பாரில் உள்ளே இருக்கும் தண்ணி சுமார் 184 டிகிரி. பாய்லர் பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும், தண்ணியில் ஆறில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகும். 1000 கிலோவுக்கு 160 கிலோ ஆவி, அதாவது 250 கன மீட்டருக்கு மேல். நம்ம கிளாஸ்ரூம் ஒன்று நிரம்பும். பக்கத்தில் நிற்கும் பயர்மேனை நினைச்சுப் பாருங்க. பச்சைத் தண்ணியில் பாஸ் ஆகாத பாய்லருக்கு அடியில் யாரும் நெருப்பு மூட்டமாட்டார்கள்.

தண்ணி சோதனை எல்லாத்தையும் காட்டிடாது. நெருப்புப் பெட்டியின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்லது 'ணங்'னு ஒலிக்கும். உடைந்தது 'மொத்'துனு கேட்கும். இதற்கு ஃபார்முலா கிடையாது, காதுதான்.

நம்ம நாட்டில் அகல ரயில் பாதையில் நீராவி வண்டிகள் 1995-லேயே நின்றுபோச்சு. அப்போ 30 வயசில் இருந்த ஃபிட்டர் இன்றைக்கு ரிட்டயர்டு. பெரம்பூர், அயனாவரம் பக்கம் வீடு இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, தாத்தாகிட்ட அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டுப் போனில் பதிவு பண்ணி அனுப்புங்க. அடுத்த இதழில் போடுகிறோம்.