புகையிரதம் போன வழியில் துவிச்சக்கரவண்டி

இப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு பள்ளத்தாக்கில் காடு வெட்டி அழிக்கப்பட்டது. அதனால் காட்டை நம்பியிருந்த தொழில் போயிற்று. கடைசியில் புகையிரதமும் நின்றுபோயிற்று. எஞ்சியது ஆற்றோரமாக நீண்டு கிடக்கும் ஒரு மண்வரம்பு மட்டுமே. அதை என்ன செய்யலாம்? அந்த வரம்பு இப்போது யாருக்குச் சொந்தம்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் வடபகுதி மலைகளுக்கிடையே பைன் கிறீக் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. பெயர் சிற்றாறு என்றாலும் அது குடைந்திருக்கும் பள்ளத்தாக்கு 47 மைல் நீளமானது. சில இடங்களில் மலைவிளிம்பிலிருந்து 1,400 அடி கீழேதான் தண்ணீரைக் காணலாம். முற்காலத்தில் இந்த ஆறு வடகிழக்கு நோக்கி ஓடியது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளங்கள் தள்ளிவந்த மண்ணும் கல்லும் அதன் வழியை அடைத்தன. தேங்கிய நீர் தெற்கே ஒரு வழியை வெட்டிக்கொண்டு பாய்ந்தது. மாரியில் குளக்கட்டு உடைவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்று அந்த ஆற்றங்கரையில் 62 மைல், அதாவது சுமார் 100 கிலோமீற்றர் நீளமான கிரவல் பாதை ஒன்று இருக்கிறது. அதில் கார் இல்லை, லொறி இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. நடப்பவர்களும் துவிச்சக்கரவண்டி ஓட்டுபவர்களும், சில பகுதிகளில் குதிரையில் வருபவர்களும் மட்டுமே போகலாம். வீதிகளைக் குறுக்கறுக்கும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துக் கடக்க வேண்டும். இருபுறமும் காடு. கழுகும் நீர்நாயும் கரடியும் அங்கு உண்டு, விஷப்பாம்பும் உண்டு.

இப்படிச் சொன்னால் அது எப்போதும் காடாகவே இருந்த இடம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல.

முதலில் அந்த நிலம் ஈரோகுவா என்னும் பூர்வீகக் குடிகளின் கூட்டமைப்புக்குரியதாக இருந்தது. வெள்ளையர் குடியேறுவதற்கு எல்லை எது, இந்த ஆறா அல்லது கிழக்கேயுள்ள இன்னோர் ஆறா என்று 1768ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் நெடுநாள் தகராறு நடந்தது. தகராறு தீருமுன்னரே குடியேறிகள் உள்ளே புகுந்து கமம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1784இல் இன்னோர் உடன்படிக்கையால் அந்த நிலம் முழுவதும் மாநிலத்தின் கைக்குப் போயிற்று. தோற்றவர்களிடமிருந்து வாங்கும் கையொப்பத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பதை இடம்பெயர்ந்த வாசகர்கள் தாமே எடைபோடுவார்கள்.

அடுத்து மரவியாபாரிகள் வந்தார்கள். வானளாவிய வெள்ளைப் பைன் மரங்களைத் தறித்து ஆற்றில் விட்டு, மேலே சிறு அணைகளில் நீரைத் தேக்கித் திடீரெனத் திறந்து, அந்த வெள்ளத்தோடு மரங்களை வில்லியம்ஸ்போட் நகரத்து ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். பைன் முடிந்ததும் ஹெம்லொக் என்ற மரத்தின் முறை. அதன் பட்டை தோல் பதனிட உதவும். 1883இல் ஆற்றோரமாகப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. ஆற்றுக்கு எட்டாத மரங்களையும் நிலக்கரியையும் அது வாரிச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைகள் மொட்டையாக நின்றன. தறித்து விடப்பட்ட கொப்புகளில் என்ஜின் பொறி பட்டுத் தீ மூண்டது. தீக்குப் பின் மழை. மழையோடு மண் ஆற்றுக்கு வந்தது.

காடு மீண்ட கதையில் நாம் அறியவேண்டிய பெயர் ஜோசப் றொத்றொக். மருத்துவரும் தாவரவியலாளருமான இவர் 1895இல் மாநிலத்தின் முதலாவது வனத்துறை ஆணையாளரானார். யாரும் விரும்பாத அந்த மொட்டை நிலங்களை 1898 முதல் மாநிலம் மலிவாக வாங்கத் தொடங்கியது. 1903இல் வனக்காவலரைப் பயிற்றும் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. 1933க்கும் 1942க்கும் இடையில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்ட அரச முகாம்கள் மரம் நட்டன, பாதைகள் அமைத்தன. ஆனால் நட்டது குறைவு, தானாக முளைத்ததே அதிகம். மேப்பிள், ஓக், செரி, பேர்ச் ஆகியவை விதையிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் வந்தன. மனிதர் செய்த பெரிய வேலை தீயைத் தடுத்ததும் பொறுத்திருந்ததும்தான். பழைய ஹெம்லொக் காடு அப்படியே திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வந்தது வேறொரு காடு.

புகையிரதத்துக்கு ஏற்றிச் செல்லப் பொருள் குறைந்துகொண்டே வந்தது. 1988 ஒக்ரோபரில் கடைசிச் சரக்கு வண்டி போயிற்று. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் அகற்றப்பட்டன. 1996இல் பாதையின் முதற் பகுதி மக்களுக்குத் திறக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக முழு நீளமும் முடிக்கப்பட்டது.

ஏன் அது ஓட்ட இலகு?

மலைநாட்டில் சைக்கிள் ஓடுவது என்றதும் நமக்கு மூச்சு வாங்கும். ஆனால் இந்தப் பாதையில் சிறு பிள்ளையும் முதியவரும் ஓட்டுகிறார்கள். காரணம் புகையிரதம். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், ஆதலால் செங்குத்தாக ஏற முடியாது. அதைக் கட்டியவர்கள் ஆற்றின் வளைவுகளை ஒட்டிப் போனார்கள். மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். இதனால் அந்தப் பாதையில் எங்கும் ஏற்றம் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாது. அதாவது 100 அடி போனால் 2 அடி ஏறலாம், அதற்கு மேல் இல்லை.

இதைப் பாரக் கணக்கில் பார்ப்போம். ஆளும் வண்டியும் கரியரில் உள்ள மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் அந்தப் பாரம் உங்களைப் பின்னுக்கு இழுப்பது 2 கிலோ அளவுக்கே. நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் 10 கிலோ. முதலாவதை மிதித்தே போகலாம். இரண்டாவதில் பெரும்பாலானோர் இறங்கித் தள்ளுவார்கள். குளக்கட்டுக்கு ஏறும் சரிவை நேராக வெட்டாமல் சாய்வாக, நீளமாக வெட்டினால் பாட்டியும் தண்ணீர்க் குடத்தோடு சைக்கிளைத் தள்ளலாம் என்பது இதிலிருந்து வருகிற பாடம்.

வண்டியைப் பற்றியும் ஒன்று. மேல்நாடுகளில் இப்போது கிரவல் பாதைக்கென்றே தனியான சைக்கிள் செய்து பெருவிலைக்கு விற்கிறார்கள். அதன் விசேடம் என்ன என்று பார்த்தால், ரயரின் அகலம் 40 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், காற்று சற்றுக் குறைவாக அடிப்பார்கள். நமது தகப்பன்மார் ஓடிய பெரிய சைக்கிளின் 28க்கு ஒன்றரை அங்குல ரயரும் அதே 40 மில்லிமீற்றர்தான்! எரிபொருள் தடைக்காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதையும் சுமந்தது அந்த ரயர். 1995 ஐப்பசி இறுதியில் தென்மராட்சிக்குப் போன சனத்தின் பாய், சட்டி, பிள்ளை, நோயாளி எல்லாவற்றையும் சுமந்ததும் அதுவே. மெல்லிய ரயரில் காற்றை இறுக அடித்தால் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், மணலில் புதையும். அகன்ற ரயர் கல்லைத் தன்னுள் வாங்கி உருளும்.

பாதையின் உடம்பு

பைன் கிறீக் பாதையின் மேற்பரப்பு உடைத்த சுண்ணாம்புக்கல். உடைத்த கல்லுக்குக் கூரிய மூலைகள் உண்டு, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதோடு சேர்ந்த தூள் இடைவெளிகளை நிரப்பும். நனைத்து உருட்டினால் காய்ந்தபின் இறுகிவிடும். ஆற்றுக் கூழாங்கல் அப்படியல்ல, எவ்வளவு கொட்டினாலும் மாபிள் போல உருளும். ஆகவே கல்லின் அளவைவிட அதன் வடிவமும் தூளுமே முக்கியம். வன்னியில் கிடைக்கும் செங்கிரவலும் நல்ல பொருள். ஈரமாக்கி உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்கவேண்டும், ஆனால் விரலில் களியாக ஒட்டக்கூடாது. ஒட்டினால் மாரியில் அது சேறு. (குடாநாட்டு வாசகர்கள் சுண்ணாம்புக்கல் என்றதும் காணிக்குள் கிண்டத் தொடங்கவேண்டாம். நமது கிணற்றுநீர் அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது.)

கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று நான்கு அங்குலப் படையாகப் போட்டு ஒவ்வொன்றையும் நனைத்து இடிக்க வேண்டும். 6 அடி அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் போதும், மழைநீர் நிற்காது. மலைப்பக்கம் ஒரு வாய்க்கால், பள்ளங்களில் மதகு. புகையிரதக்காரர் இவற்றை நூறாண்டுக்கு முன்பே செய்து வைத்திருந்தார்கள். அந்த அடித்தளத்தால்தான் பாதை இன்றும் நிற்கிறது.

வாகனத்தை ஏன் விலக்க வேண்டும்? அமைதிக்காக மட்டுமல்ல. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் வீதிகளில் லொறிகளை ஓடவிட்டுப் பெரிய பரிசோதனை ஒன்று செய்தார்கள். அதிலிருந்து பொறியியலாளர் கொண்ட கணக்கு இது: அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. ஆயிரம் சைக்கிள் செய்யாத கேட்டை ஒரு மணல் லொறி ஒரே மழைநாளில் செய்துவிடும். நடுவில் நாட்டிய ஒரு கட்டை, கிரவல் செலவைக் குறைக்கும்.

பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் வாடகைச் சைக்கிள், சாப்பாட்டுக்கடை, தங்குமிடம் என்று சிலருக்குப் பிழைப்பு உண்டு. ஆயினும் விடுமுறைக்கு வருபவரின் மகிழ்ச்சியை ஊரவரின் வாழ்வோடு ஒன்றாகக் கருதக்கூடாது. 2008 முதல் அதே பிரதேசத்தின் அரச காடுகளிலும் பாறை வாயு எடுக்கக் குத்தகை கொடுக்கப்பட்டது. மலைவீதிகளில் மீண்டும் கனரக லொறிகள் ஓடின. காடு மீண்டதால் ஆசையும் மீண்டது.

காணி யாருடையது?

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் பல இடங்களில் புகையிரதக் கம்பனிகள் நிலத்தை வாங்கவில்லை. கமக்காரரின் காணிக்கூடாகப் போகும் உரிமையை மட்டுமே பெற்றிருந்தன. வண்டி நின்றால் அந்த உரிமை முடிந்து காணி உரியவரிடம் திரும்பவேண்டும். ஆனால் 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. என்றோ ஒருநாள் புகையிரதம் திரும்ப வரலாம் என்று சொல்லி அந்த வரம்பை நடைபாதையாகப் பாதுகாத்தால், அது கைவிடப்பட்டதாகக் கருதப்படாது. காணியும் திரும்பாது.

வெர்மொன்ற் மாநிலத்துக் குடும்பம் ஒன்று இதை எதிர்த்து வழக்காடியது. 1990இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் இழப்பீடு கேட்கும் வழியை மூடவில்லை. 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அரசு எடுத்தது எடுத்ததுதான், ஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. 2014இல் வயோமிங் மாநிலத்திலிருந்து வந்த வேறொரு வழக்கில், பழைய சட்டமொன்றின்கீழ் விடப்பட்ட பாதைக் காணி அரசுக்கல்ல, காணிக்காரருக்கே என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பாதை நல்லதுதான். அதற்காக உரியவனின் பெயரை அழிக்கக்கூடாது என்பதே இவ்வழக்குகளின் சாரம்.

அந்த வரம்பை வைத்திருப்பதில் நியாயம் உண்டு என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1990இல் வவுனியாவுக்கு அப்பால் புகையிரதம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பரும் பங்கருக்குப் போயின. ஆனால் வழி இருந்தது. 2014 ஒக்ரோபரில் அதே வழியில் வண்டி யாழ்ப்பாணம் வந்தது.

நமது காணிச் சட்டத்திலும் இத்தகைய ஓர் இடம் உண்டு. காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 1979இல் சேர்க்கப்பட்ட 39அ பிரிவின்படி, சுவீகரித்த காணியை அமைச்சர் விடுவிக்கலாம். நிபந்தனைகள் நான்கு: இழப்பீடு கொடுக்கப்பட்டிருக்கக்கூடாது, காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடாது, அதில் மேம்பாடு எதுவும் செய்யப்பட்டிருக்கக்கூடாது, உரித்தாளர் திரும்ப ஏற்க எழுத்தில் சம்மதிக்கவேண்டும். முறைப்படி சுவீகரிக்காமலே பிடித்து வைத்த காணிகளின் கதை வேறு. ஆகவே இழப்பீட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், வரைபடம் ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்.

குழுவுக்கு ஒரு வேலை. அடுத்த மழை பெய்துகொண்டிருக்கும்போதே, விட்டபின் அல்ல, ஊர்ப் பாதையில் மண்வெட்டியோடு நடவுங்கள். தண்ணீர் எங்கே பாதையைக் கடக்கிறது, எங்கே பாதையோடு ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று மூன்றாகப் பிரித்துத் தடி நாட்டுங்கள். கடக்கும் இடத்துக்கு மதகு, ஓடும் இடத்துக்கு வாய்க்கால், நிற்கும் இடத்துக்கு மட்டும் கிரவல். கிரவலை முதலில் கொட்டினால் அது வாய்க்காலுக்குத்தான் போய்ச் சேரும்.